கல்வெட்டில் எந்தச் சொல்லைப் போடுவது: நேர்மையா, நாணயமா, கண்ணியமா, நீதியா?

வீட்டில் ஒருவர் மோசம் போனால், அதாவது இறந்துபோனால், 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு முன்னம் கல்வெட்டு அச்சாகி வந்துவிட வேண்டும். எங்களுக்குக் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை. இறந்தவரின் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, இறந்த திதியைச் சொல்கிற திதி வெண்பா, மனைவி பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல் என்று வருகிற சின்னப் புத்தகம். கிளிநொச்சிப் பக்கம் இதை எழுதிக் கொடுக்கிற ஆட்களில் நானும் ஒருவன். வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அப்பா நல்ல மனிசன் அண்ணை, அதை வடிவா எழுதிவிடுங்கோ."

வடிவாக எழுதலாம். ஆனால் அந்த "நல்ல மனிசன்" என்பதற்கு எந்தச் சொல்? நேர்மையானவரா, நாணயமானவரா, கண்ணியமானவரா, நீதியானவரா, பண்பாளரா, சான்றோனா? எல்லாம் ஒன்றுதானே என்பார்கள். ஒன்றில்லை. கல்வெட்டை வாசிக்கப் போகிறவர்கள் அவரோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சினவர்கள், ஒரே கடையில் கடன் வைத்தவர்கள். பொருந்தாத சொல்லைப் போட்டால் பந்தலுக்குள் இருந்தே சிரிப்பார்கள். அதனால் நான் முதலில் கேட்பது, அந்த ஆள் எதில் நல்லவர் என்று. காசிலா, கதையிலா, பங்கு பிரிப்பதிலா, தன்னிலும் எளியவரை நடத்துவதிலா? இதற்குப் பதில் வந்தால் பாதிச் சொற்கள் தானாகக் கழன்றுவிடும்.

காசு என்றால் நாணயம்தான், வேறு கதை இல்லை. சீட்டுப் பிடிக்கிற அக்கா, உரக்கடைக்காரர், களத்துக்கே வந்து நெல் வாங்குகிற வியாபாரி, இவர்களை வன்னியில் "நாணயமான ஆள்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரிக்க மாட்டோம். மாரி மழையோடு செய்கிற காலபோகத்துக்கு உரத்தையும் மருந்தையும் கடனுக்கு எடுத்துவிட்டு "வெட்டு முடியத் தாறன்" என்று சொன்ன கமக்காரர், அருவி வெட்டி நெல் விற்ற காசு கையில் வந்த உடனே கடைக்குப் போய்க் கொப்பியில் தன் பெயருக்குக் கோடு போடுவிக்கிறார் பாருங்கள், அவர் நாணயமானவர். வெள்ளம் வந்து பயிர் அழிந்த வருசத்தில் கடைக்காரரின் கண்ணில் படாமல் பின் ஒழுங்கையால் போகாமல், நேரே வந்து நின்று "இந்த முறை வழியில்லை, சிறுபோகத்தில பாதி தாறன்" என்கிறவரும் அவரே. காசு கொடுத்தது பெரிதில்லை, சொன்ன சொல்லில் நின்றாரா என்பதுதான் கணக்கு. வியாபாரியிலும் அப்படித்தான். ஈரம், பதர் என்று சொல்லி மூட்டைக்கு மூட்டை கழிக்கிற இடத்தில், தராசை விற்கிறவன் பக்கம் திருப்பி வைத்து "நீயே பார்" என்கிறவரை ஊர் மறக்காது.

ஆனால் காசுக்கு வெளியே நாணயம் அவ்வளவு தூரம் போகாது. ஆசிரியரை, பூசகரை, ஊரில் பிள்ளைப்பேறு பார்த்த ஆச்சியை நாணயமானவர் என்று எழுதினால் ஏதோ கடன் கணக்கு இருந்து தீர்ந்தது போலக் கேட்கும்.

நேர்மை அப்படியில்லை, எல்லா இடத்துக்கும் போகும். எல்லா இடத்துக்கும் போவதாலேயே சில இடத்தில் சப்பென்று இருக்கும். அதற்கென்றே உள்ள இடம் அதிகாரமும் கையெழுத்தும்தான்: கிளாக்கர், கிராம அலுவலர், சங்கப் பொருளாளர், கோயில் தர்மகர்த்தா. எடுக்க வழி இருந்தும் எடுக்காதவர். போருக்குப் பிறகு 50,000 வீடுகள் என்று இந்திய வீட்டுத்திட்டம் வந்தது, அதற்கு முன்னும் பின்னும் வேறு திட்டங்களும் வந்தன, கொட்டிலில் இருந்த சனம் எல்லாம் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் பேர் எடுக்கிற கொப்பி கையில் இருந்தும் தன் தங்கச்சியின் பெயரை மேலே ஏற்றாதவர் ஒருவர் இருந்தால் அவருக்கு நேர்மை என்ற சொல்லைத் தயங்காமல் கொடுக்கலாம். பேச்சில் இதையே "அந்தாளின்ர கை சுத்தம்" என்போம். கல்வெட்டிலும் அப்படியே எழுதலாம் என்பது என் கருத்து, ஆனால் வீட்டுக்காரர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை, பேச்சு வழக்காக இருக்கிறதாம்.

நேர்மையில் இன்னொரு சிக்கல், வாய்க்கு வந்ததை எல்லாம் கொட்டிவிட்டு "நான் நேர்மையானவன், முகத்துக்கு நேரே கதைக்கிறவன்" என்று திரிகிற கூட்டம். சொல்லை அரைவாசி கெடுத்தது இவர்கள்தான்.

சரி, வன்னிக்கென்று ஒரு சொல்லை எடுக்கச் சொன்னால் நான் எடுப்பது நீதி. "நீதியான மனிசன்." இது ஏன் இங்கே இவ்வளவு எடை என்று விளங்க வேண்டுமென்றால் குளத்தடிக்குப் போக வேண்டும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று எந்தக் குளத்தை எடுத்தாலும் கோடையில் குளத்து நீரை நம்பிச் செய்கிற சிறுபோகம் என்பது தண்ணீர்க் கணக்கு. குளத்தில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் வைத்து, இத்தனை ஏக்கர்தான் இந்த முறை விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். தண்ணீர் குறைந்த வருசம் எல்லோருடைய காணிக்கும் கிடைக்காது, உள்ளதைப் பங்கிட வேண்டும். பங்கிட்ட பிறகும் வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவன் இரவில் போய் மண்வெட்டியால் நாலு கொத்துக் கொத்தி வாயை அகட்டி விட்டால் போதும், கடைசி வயல்காரனுக்கு விடியச் சேறுதான் மிச்சம்.

இப்போது இப்படி ஒரு கமக்கார அமைப்புத் தலைவரை நினைத்துப் பாருங்கள். சாமம் தாண்டி டோர்ச் லைட்டோடு வாய்க்கால் வரம்பில் நடக்கிறார். ஒரு வாய் அகன்று கிடக்கிறது. அது சொந்த மச்சானின் வயல். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, காலாலேயே சேற்றைத் தள்ளி அடைக்கிறார், அடைத்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் போய்ப் படுக்கவில்லை, அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் மச்சானுக்குத் தண்டம் எழுதுகிறார். மனைவி அந்தக் கிழமை முழுக்க அவரோடு கதைக்கவில்லை. இவருக்கு நேர்மையானவர் என்றால் சொல் காணாது. நாணயம் இங்கே பொருந்தாது, காசுக் கதையே இல்லை. கண்ணியமானவர் என்றும் எழுத முடியாது, மச்சானை அவர் பேசின பேச்சைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். "அந்தாள் நீதியான ஆள், தன்ர ஆக்கள் எண்டு பாக்காது" என்று ஊர் சொல்லும். அதையே போட வேண்டும்.

நியாயமானவர் என்று போட்டால் என்ன என்று கேட்பார்கள். நியாயம் கொஞ்சம் இளகின சொல். விலையை நியாயம் என்போம், பேசித் தீர்க்கக் கூடிய ஆளை நியாயமான ஆள் என்போம். மச்சானுக்குத் தண்டம் எழுதுகிறவருக்கு அந்த இளக்கம் சரி வராது. நடுநிலையாளர் என்பதை நான் தொடுவதே இல்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு காலமும் அரசியல் வாடை ஏறிப் போய்விட்டது, வயல் வரம்பில் நின்றவரை அது ஏதோ அறிக்கை விட்டவர் போல ஆக்கிவிடும்.

இனிக் கண்ணியம். நேரே சொன்னால் வன்னியில் வாயால் இதை யாரும் சொல்வதில்லை. "அவர் கண்ணியமான மனிசன்" என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவரும் கதைத்து நான் கேட்டதில்லை. மேடைச் சொல். அண்ணாவின் "கடமை, கண்ணியம், கட்டுப்பாடு" தமிழ்நாட்டில் இருந்து இங்கேயும் வந்து சேர்ந்ததால் ஒலிபெருக்கிக்கு ஏற்ற சொல்லாகவே காதில் விழுகிறது. ஆனாலும் ஒதுக்க முடியாது, ஏனென்றால் அது சொல்வதை வேறு எந்தச் சொல்லும் சொல்லாது: கை ஓங்கியிருக்கிற நேரத்திலும் மற்றவரைச் சிறுமைப்படுத்தாத குணம். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சுண்டு அரிசி கைமாற்றுக் கேட்டு வேலியோரம் வந்து நிற்கிறாள், வீட்டில் விருந்தினர் இருக்கிறார்கள். "அந்தப் புத்தகத்தைத் தானே கேட்டனி, மகளிட்டக் குடுத்து விடுறன், போ பிள்ளை" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பின் கதவால் அரிசியைக் கொடுத்து விடுகிற ஆள் இருந்தால் அவருக்கு நேர்மை பொருந்துமா? அவர் சொன்னது பொய். நேர்மை அங்கே தோற்று, கண்ணியம் வெல்லும் இடம் அது. பேச்சில் இவரை "மரியாதையான ஆள்" என்பார்கள். எழுத்தில் "மரியாதைக்குரியவர்" என்று மாற்றிவிடாதீர்கள், மரியாதை கொடுத்தவர் மரியாதை வாங்கினவராகிப் போவார்.

பண்பாளர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்ல சொல், அடித்து அடித்துத் தேய்ந்துவிட்டது. மின்கம்பத்தில் கட்டுகிற கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் எல்லாவற்றிலும் பண்பாளர்தான்.

மானம் கவனமாகத் தொட வேண்டிய சொல். "மானமுள்ள மனிசன், ஒருத்தரிட்டயும் கை நீட்டாதவர்" என்று எழுதச் சொல்லி வருவார்கள். மற்ற ஊரில் எழுதலாம். இங்கே 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, செட்டிகுளம் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் பால்மாவுக்கும் அரிசிக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்ற சனம்தான் கல்வெட்டை வாசிக்கப் போகிறது. கை நீட்டாதவருக்கு மானம் என்றால், பிள்ளைக்காகக் கை நீட்டினவளுக்கு என்ன பெயர்? நான் அந்த வரியை எழுதுவதில்லை, "தன் உழைப்பில் வாழ்ந்தவர்" என்று மாற்றிக் கேட்பேன், பெரும்பாலும் சரி என்பார்கள். மானஸ்தர் என்பது இன்னும் மோசம். அதைக் கேட்டால் சபையில் செம்பு தண்ணீர் வைக்கவில்லை என்று பத்து வருசம் கதைக்காமல் இருந்த பெரியப்பா ஒருவர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருவார்.

சான்றோன், செம்மல், பெருந்தகை என்பவை இவ்வளவு மலிந்து போனதற்குக் காரணம் புகழ் ஆசை மட்டும் என்று நினைக்காதீர்கள். பாதிக் காரணம் யாப்பு. திதி வெண்பாவில் கனிச்சீர் (நிரையசையில் முடிகிற மூவசைச் சீர்) வரக் கூடாது, நாலசைச் சீரும் வரக் கூடாது. "நாணயமானவர்" என்பதை அலகிட்டால் நா, ணய, மா, னவர் என்று நாலு அசை, ஒரு சீருக்குள் அடங்காது. "கண்ணியமானவர்" அதே கதி. "நேர்மையானவர்" எப்படி அலகிட்டாலும் தப்பாது. சான்றோன், செம்மல் தேமா, பெருந்தகை கருவிளம், பண்பாளன் தேமாங்காய், எல்லாம் சொல்லி வைத்தாற்போல வந்து உட்காரும். அவசரத்துக்கு எழுதுகிறவர் எதை எடுப்பார்? நீதிமான் என்பதும் கூவிளமாக அமரும், ஆனால் அது வேதாகமத்தில் அடிக்கடி வருகிற சொல், மடுப் பக்கத்துக் கத்தோலிக்க வீட்டு நினைவு மலரில் இயல்பாக இருக்கும், சைவ வீட்டுக் கல்வெட்டில் கொஞ்சம் தள்ளி நிற்கும். அதனால் வெண்பாவில் நாணயம், கண்ணியம் என்று பண்பையே பெயராகப் போட்டு, ஆளைப் பற்றிய சொல்லை வாழ்க்கை வரலாற்றில் உரைநடையாக வைப்பதே மேல்.

சான்றோன் உண்மையிலேயே பெரிய சொல். "சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே" என்ற புறநானூற்று வரியில் (312) அது போர் வீரனைக் குறிக்கிறது. குறளில் வந்தால் அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்று ஐந்து தூண் வேண்டும். ஐந்தும் உள்ள ஆளுக்குக் கல்வெட்டு எழுதுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஊரே அப்படிச் சொன்ன ஒரு பழைய தலைமையாசிரியருக்குப் போடுங்கள், மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

இந்தத் தெரிவில் வீட்டுக்குள்ளேயே பிடுங்குப்பாடு வரும். ஒரு வீட்டில் இறந்தவர் உழவு மெசின் ஓடினவர். கனடாவில் இருக்கிற மூத்த மகன் அச்சுச் செலவைத் தான் ஏற்பதாகச் சொல்லிவிட்டு, "சமூகச் செம்மல், கொடைவள்ளல்" என்று வீடியோ கோலில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த தங்கச்சிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, அப்பா என்னத்தைக் குடுத்தவர்? இருந்தாத்தானே குடுக்கிறதுக்கு. ஆனா முக்கால் ஏக்கரை உழுதிட்டு ஒரு ஏக்கர் எண்டு ஒரு நாளும் காசு வாங்கேல்லை." எனக்கு வரி கிடைத்துவிட்டது. "உழுத நிலத்துக்கு மேல் ஒரு சதம் கூட்டி வாங்காத நாணயஸ்தர்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். மூத்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அதையே போடுங்கோ" என்றார். கொடைவள்ளல் என்று போட்டிருந்தால் அந்த ஒழுங்கையில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

தவிர்க்க வேண்டிய சொற்களும் இருக்கின்றன. யோக்கியன் இப்போது நக்கலுக்கு மட்டும்தான், "இவர் பெரிய யோக்கியன்" என்று சொல்லும் தொனியிலேயே மற்றதெல்லாம் விளங்கிவிடும். "கௌரவமான" என்பது குணத்தைச் சொல்லாது. மணமகன் தேவை விளம்பரத்தில் "கௌரவமான குடும்பம்" என்று வந்தால் அங்கே கேட்கப்படுவது காசும் சாதியும்தான், எல்லோருக்கும் தெரியும். அப்பாவி, அப்புராணி என்பவை தீங்கில்லாதவர் என்று மட்டும் சொல்லும், அதற்குள் ஒரு சின்ன இரக்கமும் ஒளிந்திருக்கும். "சோலி சுரட்டு இல்லாத மனிசன், தானும் தன்ர பாடும்" என்பது எங்கள் பக்கம் பெரிய புகழ்ச்சி, ஆனால் பக்கத்து வளவில் அடிபிடி நடந்தபோது கதவைச் சாத்திக்கொண்டவரையும் அதே சொல்லால்தான் சொல்வோம் என்பதை யோசித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது பெண்களுக்குப் போடுகிற சொற்களில். அடக்கமே உருவானவர், குணவதி, உத்தமி, இல்லத்தரசி. முடிந்தது. போருக்குப் பிறகு வீட்டைத் தனியே தூக்கி நிறுத்தின பெண்கள் வன்னியில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். விடியப்புறம் இடியப்பம் அவித்து விற்று, குழுக்கடனில் மற்றவள் கட்டாமல் ஒளித்துக்கொண்ட கிழமையில் அவளுடைய பங்கையும் சேர்த்துக் கட்டின ஒரு அம்மாவுக்கு "அடக்கமானவர்" என்றா எழுதுவது? நாணயமானவர் என்று எழுதுங்கள். அந்தச் சொல் ஆம்பிளைகளுக்கு எழுதி வைத்ததில்லை. ஒழுக்கமானவர் என்பதையும் நான் பெண்களுக்குத் தவிர்க்கிறேன், ஆணுக்குப் போட்டால் குடிக்காதவர் என்று வாசிப்பார்கள், பெண்ணுக்குப் போட்டால் வேறு விசாரணைக்குப் பதில் சொன்னது போல வாசிப்பார்கள். ஒருமுறை ஒருவர் "நீதியான பெண்மணி" என்பது கேட்க ஒரு மாதிரி இருக்கு என்றார். வைகாசியில் வற்றாப்பளைக்குப் போய்ப் பொங்கிக் கும்பிடுகிறோமே, அந்தக் கண்ணகி அம்மன் பாண்டியன் சபையில் கேட்டது என்ன என்று கேட்டேன். பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

உயிரோடு இருக்கிறவருக்கு எழுதுவதென்றால் கணக்கு வேறு. சம்பந்தம் விசாரிக்க வருகிறவருக்கு அடைமொழியே தேவையில்லை, "நல்ல பெடியன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் மிச்சத்தை அவர் உங்கள் முகத்தில் வாசித்துக்கொள்வார். "நல்ல பெடியன், ஆனா" என்று இழுத்தால் படலையைத் தாண்ட முன்னமே முடிவெடுத்துவிடுவார்.

வேலைக்கும் விசாவுக்கும் கேட்கிற நற்சான்றுக் கடிதத்தில் கண்ணியம், பெருந்தகை ஒன்றும் வேண்டாம். "நன்னடத்தை உள்ளவர்" என்பது வழக்கமான வாசகம். நன்னடத்தை என்றதும் சிறுவர்களைப் பாரமெடுக்கிற திணைக்களத்தின் பெயர் ஞாபகம் வந்தாலும் அலுவலகங்களில் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள், அதனால் அது இருக்கட்டும். அதோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "எங்கள் சங்கத்தில் மூன்று வருடம் பொருளாளராக இருந்தவர், பொறுப்புக் கொடுக்கும்போது கணக்கில் ஒரு ரூபாயும் குறைவில்லை." இந்த வரி உண்மையாக இருந்தால் நேர்மையானவர் என்று தனியாக எழுதத் தேவையில்லை, இடமும் மிச்சம்.